முகூர்த்த நேரத்தில் நின்றுபோகும் நேரலை

திருமண நேரலையில் படம் பார்ப்பவரை அடைவதற்குள் ஏழெட்டுக் கருவிகளைக் கடந்துவிடுகிறது. மணமேடைக்கு எதிரே நிற்கும் கேமராவிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கேப்சர் கார்டுக்கும், அங்கிருந்து யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கும் படம் போகிறது. ஒலி பெரும்பாலும் தனி வழியில், மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து வந்து சேர்கிறது. லேப்டாப்பில் ஓடும் ஓபிஎஸ் ஸ்டூடியோ போன்ற மென்பொருள் இரண்டையும் இணைத்து, சுருக்கி, ரூட்டர் வழியாக யூடியூப் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதைப் பல தரங்களில் மறுபடி தயாரித்து, சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக்கி, டொரன்டோவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினரின் போனுக்குக் கொடுக்கிறது. இதில் எங்கே பழுது வந்தாலும் கடைசியில் தெரிவது இரண்டு மூன்று அறிகுறிகள்தான்: படம் நிற்கிறது, சிதறுகிறது, ஒலி வரவில்லை. அறிகுறி ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றே என்று எண்ணி, ‘நெட் ஸ்லோ’ என்று முடிவுகட்டி ரூட்டரை அணைத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. பல சமயம் ரூட்டருக்கும் அந்தப் பழுதுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. ஓடிக்கொண்டிருந்த நேரலையும் அறுந்துபோவதுதான் மிச்சம்.

படம் எந்த இடம் வரை நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் தேடல் பாதி முடிந்த மாதிரி. அதைப் பார்க்க வசதியான இடம், பாதையின் நடுவில் இருக்கும் லேப்டாப். நேரலையை அனுப்பிக்கொண்டே அதே படத்தை டிஸ்க்கிலும் பதிவு செய்ய ஓபிஎஸ்ஸால் முடியும். நேரலைக்காகப் படத்தைச் சுருக்கும் என்கோடரையே பதிவுக்கும் பயன்படுத்தும்படி அமைத்துவிட்டால், யூடியூபுக்குப் போவதும் டிஸ்க்கில் பதிவதும் ஒரே தரவு. பதிவை எம்கேவி வடிவில் வைத்தால், பதிவு நடக்கும்போதே அதைத் திறந்து பார்க்கலாம். லேப்டாப் திடீரென அணைந்தாலும் அதுவரை பதிந்தது கெடாது. சாதாரண எம்பி4 கோப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் உள்ளடக்க அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது, அதற்கு முன் கரண்ட் போனால் கோப்பே திறக்காது. பதிவு சீராக இருந்து நேரலை மட்டும் திக்கினால் பழுது லேப்டாப்புக்குப் பிறகு, அதாவது இணைய வழியில் இருக்கிறது. பதிவிலேயே திக்கல் தெரிந்தால் இணையத்தை மறந்துவிட்டு, கேமராவிலிருந்து லேப்டாப் வரை உள்ள பகுதிக்குள் தேடினால் போதும்.

இதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: திக்கல் எல்லோருக்குமா, ஒருவருக்கு மட்டுமா? வெளிநாட்டிலிருந்து ஒருவர் ‘படம் சுத்திக்கிட்டே இருக்கு’ என்று அழைத்தவுடன் அமைப்புகளை மாற்றத் தொடங்குவது ஆபத்து. அவர் வீட்டு வைஃபை மோசமாக இருக்கலாம். வேறு ஊரில் உள்ள இன்னொருவரைப் பார்க்கச் சொல்லலாம், அல்லது வேறொரு போனில் மொபைல் டேட்டாவில் பார்க்கலாம். நேரலை போய்க்கொண்டிருக்கும் அதே இணைப்பில் அதையே திறந்து பார்ப்பது நெரிசலைக் கூட்டும். படம் பத்து முதல் முப்பது விநாடி தாமதமாக வருவதைப் பழுதாகக் கொள்ளக் கூடாது. ஆப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ் போன்ற முறைகளில் படம் துண்டு துண்டாகத்தான் போகிறது. சில துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்ட பிறகே பார்ப்பவரின் போன் ஓட்டத் தொடங்கும். அந்தக் கையிருப்புதான் சிறு தடங்கல்களை அவர் கண்ணில் படாமல் மறைக்கிறது.

பழுது அனுப்பும் பக்கத்தில்தான் என்று உறுதியானால் ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவரப் பலகையைத் திறக்க வேண்டும். அதில் மூன்று எண்ணிக்கைகள் தனித்தனியாக ஏறிக்கொண்டிருக்கும். முதலாவது, படத்தை அடுக்கி உருவாக்குவதில் தவறிய ஃபிரேம்கள்: கிராபிக்ஸ் பிராசசர் திணறுகிறது என்று பொருள். இரண்டாவது, சுருக்குவதில் விடுபட்டவை: என்கோடரால் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மூன்றாவது, அனுப்ப முடியாமல் கைவிடப்பட்டவை: இதற்கு மட்டுமே இணையம் காரணம். பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றும் ஒரே மாதிரித் திக்கலாகத்தான் தெரியும். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. என்கோடர் திணறும்போது வேகமான இணைப்பு வாங்குவதால் பயன் இல்லை. இணைப்பில் நெரிசல் இருக்கும்போது விலை கூடிய லேப்டாப்பும் உதவாது.

மூன்றாவது எண் ஏறினால் பார்க்க வேண்டியது அப்லோடு வேகம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம், புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 30 ஃபிரேம் என்று பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 149 கோடி பிட் வருகிறது. இதை ஏறத்தாழ 50 லட்சம் முதல் 60 லட்சம் பிட்டுக்கு, அதாவது 5 அல்லது 6 மெகாபிட்டுக்கு, என்கோடர் சுருக்குகிறது. ஏறக்குறைய 250இலிருந்து 300 மடங்கு! இந்த 5, 6 மெகாபிட் ஒரு நொடியும் குறையாமல் மூன்று மணி நேரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பீடு டெஸ்டில் முதலில் பெரிதாகத் தெரிவது டவுன்லோடு; பல இணைப்புகளில் அப்லோடு அதில் ஒரு சிறு பங்குதான். சோதனை காட்டும் அப்லோடு வேகத்தில் பாதி அளவுக்குப் பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு அனுப்பும் பிட்டின் அளவை, வைப்பது பாதுகாப்பு. அந்தச் சோதனையையும் முந்தின நாள் மதியம் காலி மண்டபத்தில் செய்தால் போதாது. முகூர்த்தத்துக்கு ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு போனில் படம் அனுப்பும்போது அதே செல்போன் கோபுரம் தரும் வேகம் வேறு.

மொபைல் டேட்டாவை நம்பும் நேரலைகளில் அப்லோடு ஏன் முதலில் தடுமாறுகிறது என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. கோபுரம் பத்துக்கணக்கான வாட் சக்தியில் அலையை அனுப்புகிறது. 4ஜி போன் திருப்பி அனுப்பக்கூடிய உச்ச சக்தி சாதாரணமாக 0.2 வாட்தான். கான்கிரீட் சுவர்களும் தகரக் கூரையும் சூழ்ந்த மண்டபத்துக்குள் கோபுரத்தின் குரல் போனுக்குக் கேட்கும், போனின் குரல் கோபுரத்துக்குக் கேட்காது. திரையில் சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் நேரலை போகாமல் தவிப்பது இதனால்தான். ஹாட்ஸ்பாட் போனை ஜன்னலோரம் வைத்து, லேப்டாப்புடன் யுஎஸ்பி கேபிளால் இணைப்பது சில சமயம் ஒரே அடியில் பலன் தரும். மண்டபத்தில் ஃபைபர் இணைப்பு இருந்தால் ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஈதர்நெட் கேபிள் இழுப்பதே நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றின் மேல் ஒன்று படியாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டினால் வலு குறையும். ரூட்டரின் பாஸ்வேர்டு மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போய்விட்டால் எந்த அலைவரிசையும் உதவாது.

லேப்டாப்பிலிருந்து யூடியூபுக்குப் படத்தைச் சுமக்கும் ஆர்டிஎம்பி நெறிமுறை, மேக்ரோமீடியா நிறுவனம் ஃபிளாஷுக்காக உருவாக்கியது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 இறுதியில் நிறுத்தப்பட்டது. ஆர்டிஎம்பி இன்னும் உழைக்கிறது. இது டிசிபியின் மேல் ஓடுவதால், வழியில் தொலைந்த ஒவ்வொரு பொட்டலமும் மறுபடி அனுப்பப்பட வேண்டும். அது சேரும் வரை பின்னால் வருபவை காத்து நிற்கும். வரிசை எல்லை மீறியதும் ஓபிஎஸ் ஃபிரேம்களைக் கைவிடத் தொடங்குகிறது. மூன்றாவது எண் ஏறுவது இப்படித்தான். நெரிசலுக்கு ஏற்பப் பிட்ரேட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி ஓபிஎஸ்ஸில் இருக்கிறது, அதை இயக்கி வைக்கலாம். இணைப்பு தொடங்கவே இல்லை என்றால் பிரச்சினை வேறு: ஸ்ட்ரீம் கீ தவறாக இருக்கலாம், அல்லது ஹோட்டல், அலுவலக நெட்வொர்க் ஆர்டிஎம்பி பயன்படுத்தும் 1935ஆம் போர்ட்டை மூடியிருக்கலாம். ஆர்டிஎம்பிஎஸ் முகவரிக்கு மாறினால், எல்லா இணையத்தளங்களும் பயன்படுத்தும் 443ஆம் போர்ட் வழியாகப் படம் போய்விடும்.

ஒரு ஃபிரேம்கூடக் கைவிடப்படவில்லை, ஆனாலும் தாலி கட்டும் தருணத்தில் படம் கட்டம் கட்டமாகக் கலங்குகிறது. இது நேரலைகளில் அடிக்கடி நேர்வது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். 2003இல் வெளியான எச்.264 தரமுறை படத்தைச் சுருக்குவது, அடுத்தடுத்த ஃபிரேம்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்ற நம்பிக்கையில். ஃபிரேமை 16க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது என்று தேடி, நகர்ந்த திசையையும் சிறு வித்தியாசத்தையும் மட்டும் எழுதி வைக்கிறது. புரோகிதர் உட்கார்ந்து மந்திரம் சொல்லும்போது மேடை அசைவதில்லை, கணக்கு எளிது. கெட்டிமேளம் ஒலித்ததும் நூறு கைகள் எழுகின்றன, அட்சதை பறக்கிறது. ஒவ்வொரு அரிசிக்கும் ஒரு திசை. முந்தைய ஃபிரேமில் அதற்கு ஒப்பான கட்டம் எங்கேயும் இல்லை. போதாததற்குப் போட்டோகிராபர்களின் ஃபிளாஷ் ஒரே ஒரு ஃபிரேமை முழுக்க வெள்ளையாக்கிவிட்டுப் போகிறது, அடுத்த ஃபிரேம் பழைய வெளிச்சத்துக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் புதிதாக வரைய வேண்டிய நிலை. நிலையான பிட்ரேட் என்று கட்டுப்படுத்தியிருப்பதால் கூடுதல் பிட் கிடைக்காது. என்கோடர் நுணுக்கங்களைக் கைவிடுகிறது, கட்டங்கள் வெளியே தெரிகின்றன.

இணைப்பு இடம் கொடுத்தால் பிட்ரேட்டைக் கூட்டலாம். இடம் இல்லாவிட்டால் 1080இலிருந்து 720க்கு இறங்குவதே சரி. புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது, அதே பிட்டுகள் ஒவ்வொரு புள்ளிக்கும் இரு மடங்குக்கு மேல் கிடைக்கின்றன. 60 ஃபிரேம் வைத்திருப்பவர்கள் 30க்கோ 25க்கோ இறங்கலாம். மேடைப் பின்னணியில் மினுக்கும் சீரியல் விளக்குகளும் பிட்டுகளை விழுங்குகின்றன. வெளிச்சக் குறைவு இன்னொரு மறைமுக எதிரி. இருட்டில் கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றும்போது படத்தில் தோன்றும் மணல்துகள் போன்ற இரைச்சலும், அட்சதையைப் போலவே ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறுகிறது. அதனால் மேடைக்கு இன்னும் ஒரு விளக்கு வைப்பது, இணைய வேகத்தைக் கூட்டாமலேயே நேரலையின் தரத்தைக் கூட்டும் வழி.

இந்த வித்தியாசக் கணக்குக்கு அவ்வப்போது ஒரு முழுப் படம் தேவை. அதுதான் கீஃபிரேம். புதிதாக நேரலையைத் திறப்பவர் அடுத்த கீஃபிரேம் வரும் வரை எதையும் பார்க்க முடியாது. சர்வர் துண்டு போடுவதும் கீஃபிரேமில்தான். எக்ஸ்264 என்கோடர் சொந்த விருப்பத்துக்கு விடப்பட்டால் 250 ஃபிரேம் வரை கீஃபிரேம் இல்லாமல் ஓட்டும், அதாவது 30 ஃபிரேம் வேகத்தில் எட்டு விநாடிக்கு மேல். யூடியூபின் பரிந்துரை 2 விநாடி, உச்சம் 4. ஓபிஎஸ்ஸில் கீஃபிரேம் இடைவெளிக் கட்டத்தில் 0 என்று இருப்பதை 2 ஆக மாற்றினால் யூடியூப் காட்டும் எச்சரிக்கைகளில் ஒன்று மறைந்துவிடும்.

இரண்டாவது எண், சுருக்குவதில் விடுபட்டவை, பெரும்பாலும் நேரலை தொடங்கி அரை மணி கழித்துத்தான் ஏறத் தொடங்கும். வெப்பம்தான் காரணம். பட்டுத் துணி விரித்த மேசையில் லேப்டாப் உட்கார்ந்திருக்கும், அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டிருக்கும். பிராசசர் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜர் கழன்று பேட்டரியில் ஓடினாலும் இதே விளைவுதான். எக்ஸ்264இன் வேக அமைப்பை ஒரு படி வேகமானதாக மாற்றலாம். இன்டெலின் குயிக்சிங்க், என்விடியாவின் என்வென்க் போன்ற வன்பொருள் என்கோடர்களிடம் வேலையை ஒப்படைப்பது இன்னும் நல்லது. பிராசசரின் சுமை பெரிதும் இறங்கிவிடும். முதல் எண் ஏறினால் திரையில் ஓடும் அலங்கார அனிமேஷன்களையும், பின்னால் திறந்து கிடக்கும் பிரவுசர் டேப்களையும் மூட வேண்டும்.

மூன்று எண்களும் அசையவில்லை, ஆனாலும் பதிவில் படம் தத்துகிறது என்றால் லேப்டாப்புக்கு முன்னால் பார்க்க வேண்டும். கேப்சர் கார்டைத் தவறான ஓட்டையில் செருகுவது சாதாரணமாக நடக்கும் பிழை. சுருக்காத 1080 படம், புள்ளிக்கு 16 பிட் வீதம் 30 ஃபிரேம் என்றால் விநாடிக்குச் சுமார் 100 கோடி பிட். யுஎஸ்பி 2இன் கோட்பாட்டு உச்சமே 48 கோடி. யுஎஸ்பி 3இல் 500 கோடி. யுஎஸ்பி 3 கார்டைப் பழைய ஓட்டையில் போட்டால் அது ஃபிரேம்களைக் குறைத்தோ, ஜேபெக் முறையில் அழுத்தியோதான் அனுப்ப முடியும். பல லேப்டாப்களில் நீல நாக்கு உள்ள ஓட்டைதான் யுஎஸ்பி 3. எச்டிஎம்ஐ கேபிள் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் படத்தில் பொறி பறப்பதும், ஒரு விநாடி கறுத்துத் திரும்புவதும் நேரும். தூரத்துக்கு எஸ்டிஐ கேபிளே பொருத்தம். அரை மணிக்கு ஒரு முறை படம் முற்றாகப் போனால் கேமராவின் தானியங்கி அணைப்பு அமைப்பைப் பார்க்க வேண்டும்.

படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருள் ஊர்வது மின்சாரத்தின் வேலை. இந்தியாவில் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கேமராவின் ஷட்டர் 1/60இல் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. 1/50 அல்லது 1/100 வைத்து, கேமராவை என்டிஎஸ்சியிலிருந்து பால் (PAL) முறைக்கு மாற்றி 25 ஃபிரேமில் ஓட்டினால் பட்டைகள் நின்றுவிடும்.

படம் கொஞ்சம் கெட்டாலும் உறவினர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி கெட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஒலியில் வரும் பழுதுகளில் மிக விசித்திரமானது இது: ஹெட்செட்டில் கேட்பவருக்கு மந்திரம் தெளிவாகக் கேட்கிறது, போனின் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. மிக்சரின் பேலன்ஸ்டு அவுட் கேபிளில் இரண்டு கம்பிகள் உண்டு. இரண்டிலும் அதே ஒலி, ஆனால் ஒன்றுக்கொன்று தலைகீழாக. வழியில் ஏறும் மின் இரைச்சலைக் கழித்துவிடுவதற்கான ஏற்பாடு அது. அந்தக் கேபிளை ஸ்டீரியோ ஓட்டையில் செருகினால் நேர் அலை இடது காதுக்கும் தலைகீழ் அலை வலது காதுக்கும் போகிறது. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன் இரண்டையும் கூட்டும்போது விடை சைபர். ஓபிஎஸ்ஸில் அந்த ஒலியின் பேலன்ஸை ஒரு பக்கமாக முழுக்கத் தள்ளி, பிறகு மோனோவாக்கினால் சரியாகிவிடும். ஒலியை ஹெட்செட்டில் மட்டும் சோதிப்பவர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்தது அளவு. மைக்கிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட். மிக்சரின் லைன் அவுட் ஒரு வோல்ட்டை ஒட்டியது. அதை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேராகச் செருகினால் ஒலி கரகரக்கும். டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல் என்பது கூரை. அதற்கு மேல் போகும் அலையின் தலை வெட்டப்படுகிறது, வெட்டியது திரும்ப வராது. புரோகிதரின் குரலை வைத்து அளவு அமைத்துவிட்டு, நாகஸ்வரமும் தவிலும் கெட்டிமேளத்தில் உச்சத்துக்குப் போகும்போது தலை வெட்டுப்படுவது கல்யாண நேரலைகளின் தீராத குறை. தவிலை வாசிக்கச் சொல்லி அதன் உச்சம் −6 டெசிபலைத் தாண்டாதபடி அமைத்துவிட வேண்டும். ஓபிஎஸ்ஸின் லிமிட்டர் இதற்கு உதவும். ஆனால் லேப்டாப்புக்குள் வருவதற்கு முன்பே வெட்டுப்பட்ட ஒலியை அது சீராக்காது.

அடியில் ஓயாமல் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் கேட்டால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கலாம். ரீங்காரம் நின்றால் அது கிரவுண்ட் லூப்: மிக்சரும் லேப்டாப்பும் வெவ்வேறு இடத்து பிளக்குகளில் இருப்பதால் எர்த் வழியாக ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஒலிக் கேபிளில் ஏறுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகலாம், அல்லது ஒலிக் கேபிளின் நடுவே ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். எர்த் பின்னை உடைத்து ரீங்காரத்தை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். கருவியில் மின்கசிவு ஏற்பட்டால் அது உயிரை வாங்கும். எந்த நேரலைக்காகவும் செய்யக் கூடாத வேலை அது.

உதட்டசைவும் குரலும் ஒத்துப்போகாததற்குக் காரணம் இரண்டும் வெவ்வேறு வழியில் வருவது. கேமராவும் கேப்சர் கார்டும் படத்தைக் கையாள நேரம் எடுக்கின்றன. மிக்சரின் ஒலி முந்திக்கொள்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர் உணர்கிறார். பிந்தினால் 125 வரை உணர்வதில்லை. இயற்கையில் ஒளிக்குப் பின்னால்தான் ஒலி வரும் என்பதற்குக் காதும் கண்ணும் பழகியிருக்கின்றன. கேமரா முன்னால் ஒரு முறை கைதட்டிப் பதிவு செய்து, ஓசைக்கும் கைகள் சேர்வதற்கும் இடையே எத்தனை ஃபிரேம் என்று எண்ணலாம். 25 ஃபிரேம் வேகத்தில் ஒன்று 40 மில்லிவிநாடி. நான்கு ஃபிரேம் என்றால் ஒலியை 160 தாமதப்படுத்த வேண்டும். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகினால் கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசமே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிவிநாடி ஆகிவிடும். மிக்சரின் ஒலியை அளவு குறைத்துக் கேமராவின் மைக் ஓட்டையிலேயே கொடுத்துவிட்டால் படமும் ஒலியும் ஒரே எச்டிஎம்ஐயில் சேர்ந்தே பயணம் செய்யும். விலகலுக்கு வழியே இருக்காது.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடிகளை லேப்டாப் பேட்டரியில் தாண்டிவிடும், ரூட்டர் தாண்டாது. அது மறுபடி எழுந்து இணைப்பைப் பிடிக்க நிமிடங்கள் ஆகலாம். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வைத்தால் இந்தத் தடங்கல் வராது. எல்லாக் கருவிகளும் நன்றாக இயங்கும்போதே நேரலை துண்டிக்கப்பட்டால் மண்டப ஸ்பீக்கரில் என்ன பாட்டு ஓடுகிறது என்று கவனிக்க வேண்டும். காப்புரிமை உள்ள சினிமாப் பாடலை யூடியூபின் தானியங்கிச் சோதனை அடையாளம் கண்டால் எச்சரித்து, பாட்டு தொடர்ந்தால் நேரலையை நிறுத்தவும் செய்யும். புதிதாகச் சேனல் தொடங்குபவர்கள் இன்னொன்றையும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்: ஒரு கணக்கில் முதல் முறை நேரலை வசதியைக் கேட்டால் அது கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், கல்யாணத்தன்று காலையில் கேட்டால் அன்றைக்குக் கிடைக்காமல் போகலாம்.